பெயரெழுதாத முகங்கள்: மீனவக் குடும்பங்களின் தொடக்கக்கால நிழற்படங்கள்

மீன் பிடித்தல், படம் பிடித்தல் என்னும் இரு தொழில்களுக்கும் தமிழில் வினை ஒன்றே. முந்தைய தலைமுறையினர் 'போட்டோ பிடிக்க வந்திருக்கிறார்கள்' என்றே சொல்லி வந்தனர். இச்சொல்லாட்சி தற்செயலாக அமைந்ததாகலாம். ஆயினும், காலமெல்லாம் பிடிக்கும் தொழிலிலேயே வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டம், பிறர் கைக்கருவியில் தாமே பிடிபட்ட வரலாற்றை ஆராயப் புகுங்கால் இச்சொல் நம்மைச் சற்றே நிறுத்துகிறது. பிடித்தவர் யாவர், பிடிபட்டவர் யாவர், பிடித்தது எவர் கையிற் சேர்ந்தது என்னும் மூன்று வினாக்களே இக்கட்டுரையின் எல்லை. 'புகைப்படம்' என்பது பெருவழக்காயினும், ஆளை விட்டு அகலாத நிழலை நினைவூட்டும் 'நிழற்படம்' என்னும் சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நிழற்படத்திற்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன், பாகூர்ப் பகுதியின் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தி, அட்டையில் ஒட்டிய பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். நாற்காலியில் ஓர் ஆண். அவன் தோளருகே நிற்கும் ஒரு பெண். இருவருக்கும் நடுவே, கண்ணிமைத்ததால் முகம் கலைந்துபோன ஒரு குழந்தை. யாரென்று கேட்டேன். "தாத்தாவோட அப்பா, அம்மாங்கம்மா. பேரு தெரியலைங்கம்மா" என்றாள். அட்டையைத் திருப்பினேன். பின்புறம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

நிலமும் நீரும்

புதுச்சேரிப் பகுதியின் ஊர்ப்புறக் கொம்யூன்களுள் பாகூர் கடலைத் தொட்டு நிற்பது. நரம்பை, பனித்திட்டு, புதுக்குப்பம், மூர்த்திக்குப்பம் முதலியன அதன் கடலோர ஊர்கள். பாகூரின் பேரேரியோ உள்நாட்டு நீர். புதுவைப் பகுதி ஏரிகளுள் ஊசுட்டேரிக்கு அடுத்த பெருமையுடையது. வில்லியனூர்க் கொம்யூனுக்குக் கடல் இல்லை. சங்கராபரணி ஆறும், தமிழகத்தோடு பகிர்ந்துகொள்ளும் ஊசுட்டேரியும் அதன் நீர்நிலைகள். உப்புநீரில் கட்டுமரம் ஏறிக் கரைவலை இழுத்தவர் பட்டினவர். ஏரியிலும் ஆற்றிலும் வீச்சுவலையும் தூரியும் கொண்டு விராலும் கெளுத்தியும் பிடித்தவர் செம்படவர். தொழில் ஒன்றாயினும் நீர் வேறு, வலை வேறு, வழிபாடும் வேறு. இவ்விரு மக்களையும் இணைத்தவர்கள் பெண்களே எனலாம். கடற்கரையிற் கூடையைத் தலையிலேற்றி உள்நாட்டு ஊர்களின் தெருக்கள்தோறும் மீன் கூவி விற்ற பெண்டிரே நெய்தலை மருதத்தோடு நாள்தோறும் பிணைத்தனர். கூடை சுமந்த அப்பெண்களைப் போன்றவர்கள்தாம், வியப்புக்குரிய வகையில், உலக நிழற்பட வரலாற்றின் முதல் ஏடுகளிலும் இடம்பெற்றிருக்கின்றனர்.

நியூஹேவன் மீனவர்

நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. பாரிசில் தாகேர் உலோகத் தகட்டில் உருவைப் பதித்துக் காட்டினார். இங்கிலாந்தில் டால்பட் காகிதத்தில் எதிர்ப்படிவம் எடுத்து, அதிலிருந்து படிகள் பலவற்றை உண்டாக்கும் முறையைக் கண்டு 1841இல் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. அதனால், எடின்பரோவில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்னும் ஓவியரும் ராபர்ட் ஆடம்சன் என்னும் இளைஞரும் 1843இல் கூட்டாகத் தொழில் தொடங்க முடிந்தது. நகரையடுத்த நியூஹேவன் என்னும் மீனவ ஊரில் அவர்கள் எடுத்த படங்கள் ஏறத்தாழ 130. ஒரு தொழில்குடி மக்களின் வாழ்வை நிழற்படங்களாகத் தொகுக்க முயன்ற முதல் முயற்சிகளுள் இது தலையாயதெனக் கருதப்படுகிறது.

அப்படங்களில் வலையோடும் படகோடும் நிற்கும் ஆடவர் உளர். கோடிட்ட பாவாடையும் முதுகுச் சுமைக்கூடையுமாக எடின்பரோத் தெருக்களில் மீன் விற்ற பெண்டிர் உளர். தந்தையின் தொளதொளத்த காற்சட்டையை அணிந்த சிறுவனும் உளன். அக்காலத்துக் கருவிக்கு வெயிலில்கூடப் பல நொடிகள் தேவைப்பட்டன. சில வேளை நிமிடமும் கடந்தது. ஆகவே அவர்கள் அசையாதிருக்கக் கற்பிக்கப்பட்டனர். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தும், படகில் முதுகைத் தாங்கியும் நின்றனர். அந்தச் சாய்வு கருவியின் தேவையால் வந்தது. ஆயினும் பார்ப்பவர்க்கு அது குடும்பத்தின் நெருக்கமாகவே தோன்றுகிறது. ஆடம்சன் 1848 தொடக்கத்தில் தம் 26ஆம் வயதில் இறந்தார். மீனவர் படங்களை நூலாக வெளியிடும் அறிவிப்பு 1844இலேயே வெளிவந்திருந்தும் அந்நூல் வரவேயில்லை.

செருமானியத் திறனாய்வாளர் வால்ட்டர் பெஞ்சமின் 1931இல் நிழற்பட வரலாறு பற்றி எழுதிய சிறு கட்டுரையில், கண்ணைத் தாழ்த்தி நிற்கும் நியூஹேவன் மீன்காரி ஒருத்தியின் படத்தருகே நின்றுவிடுகிறார். ஓவியத்திலுள்ள முகம் காலப்போக்கில் ஓவியனின் திறமைக்குச் சான்றாக மட்டும் எஞ்சும். நிழற்படத்திலுள்ள முகமோ அங்ஙனம் அடங்காமல், வாழ்ந்திருந்த இவளின் பெயர் என்ன என்று நம்மைக் கேட்கவைக்கும் என்பது அவர் கருத்தின் சாரம். அப்பெண்ணின் பெயர் எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால். அதை இன்று நாம் அறிய முடிகிறது. நியூஹேவன் படங்களுட் பலவற்றில் நிற்பவர்களின் பெயர்களும் கிடைக்கின்றன. பெஞ்சமின் எழுப்பிய வினாவிற்கு அவ்வூர்ப் படங்களேனும் விடை சொல்கின்றன. நம் கரைப் படங்களிடம் அதே வினாவை எழுப்பினால் நிலைமை வேறு.

கல்லுக்குப் பின் மனிதர்

சென்னையில் நிழற்படக் கழகம் 1856இல் தோன்றியது. கலைப்பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டர் அதன் முன்னோடி. அதே ஆண்டில் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்ட படைத்தலைவர் லின்னேயஸ் டிரைப், 1857–58இல் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை எனப் பயணம் செய்து கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தின் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீள் படமாக ஒட்டிய அவர்தம் உழைப்பு இன்றும் போற்றத்தக்கது. ஆனால் அவர் படங்களில் மனிதர் அரியர். கருவிக்கு அசையாப் பொருளே உகந்தது என்பது ஒரு காரணம். அரசுக்குத் தொல்பொருளே வேண்டியிருந்தது என்பது மற்றொன்று.

இங்கு ஓர் ஒப்பீட்டைத் தவிர்க்க இயலவில்லை. அதே தஞ்சைக் கோயிலின் வேறொரு கல்வெட்டில் முதலாம் இராசராசன், கோயிற்பணிக்குக் கொணர்ந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் ஒவ்வொருவராகப் பெயரும் வீடும் குறித்துப் பொறித்து வைத்தான். பதினோராம் நூற்றாண்டின் கல் 400 பெண்களின் பெயரைச் சுமக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தட்டோ, நம் கடற்கரைப் பெண்களின் முகத்தைச் சுமந்தபோதும் பெயரைச் சுமக்கவில்லை.

1857 எழுச்சிக்குப் பின் ஆட்சியாளரின் கண் மக்கள்மீது திரும்பியது. தாம் ஆளும் மக்கள் இன்னின்னார் என வகைப்படுத்திக் காணும் வேட்கையில் 'இந்திய மக்கள்' என்னும் எட்டுத் தொகுதிகள் 1868 முதல் 1875 வரை இலண்டனில் வெளிவந்தன. ஏறத்தாழ 470 படங்கள் அவற்றில் ஒட்டப்பெற்றன. சென்னையில் நிக்கோலஸ், வீலி–கிளைன் போன்ற நிறுவனங்கள் தொழில்வாரியாகவும் சாதிவாரியாகவும் எடுத்த படங்களை ஐரோப்பியப் பயணிகளுக்கு விற்றன. கட்டுமரக்காரர், அலையைக் கிழித்து வரும் சலங்குப் படகு, மீன்கூடைப் பெண் ஆகியன அவ்விற்பனையில் தவறாது இடம்பெறும் பொருள்கள். படத்தின் கீழே 'மீனவர், சென்னை' என்றிருக்கும். ஒருமைக்கும் பன்மைக்கும் அங்கு வேறுபாடில்லை. ஒருவன் நின்றாலும் அவன் 'மீனவர்' என்னும் இனத்தின் மாதிரியே.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் இப்போக்கை மேலும் ஒரு படி கொண்டு சென்றார். தலையின் நீளமும் அகலமும், மூக்கின் உயரமும் அளவுகோல் கொண்டு அளக்கப்பட்டன. இரங்காச்சாரி துணையுடன் அவர் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்னும் ஏழு தொகுதிகளில் பட்டினவர், செம்படவர் இருவர்க்கும் தனித்தனிப் பதிவுகள் உண்டு. பட்டினவருள் பெரிய, சின்ன என்னும் இரு பிரிவுகள், செம்படவரின் அங்காளம்மன் வழிபாடு, குகன் வழியினர் என அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் மரபு ஆகிய செய்திகளுக்கு அத்தொகுதிகள் இன்றும் பயன்படுகின்றன. அப்பயனை மறுப்பதற்கில்லை. எனினும், அளக்கப்பட்ட மூக்கு எவருடையது என்று அந்நூலிடம் கேட்டால் விடையில்லை.

கடல் இல்லாத கடற்கரை

இப்பழம் படங்களைப் பார்ப்பவர் ஒரு வேறுபாட்டை உணர்வர். மீனவர் நிற்கின்றனர், மணல் இருக்கிறது, கட்டுமரம் இருக்கிறது. பின்னால் இருக்க வேண்டிய கடலும் வானும் வெறும் வெண்மையாக மறைந்துவிட்டன. இதற்கு அறிவியற் காரணம் உண்டு. 1851இல் ஆர்ச்சர் என்பவர் அறிமுகப்படுத்திய ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டிற் பூசிய வேதிப்பூச்சு நீல ஒளியை மிகையாகவும், சிவப்பையும் பழுப்பையும் மிகக் குறைவாகவும் ஏற்றது. நீலக் கடலும் நீல வானும் அளவுக்கு மீறிய ஒளியால் வெளுத்தன. வெயிலிற் காய்ந்த மீனவரின் செம்பழுப்பு மேனியோ உள்ளதனினும் கருமையாகப் பதிந்தது. கண்ணின் கீழ் நிழலும் கன்னத்தின் மடிப்பும் அக்கருமையில் மூழ்கின.

ஆக, கருவியின் குறை இரண்டு வகையில் மீனவரைப் பாதித்தது. அவர்கள் வாழ்வின் முழுப் பொருளாகிய கடல் படத்திலிருந்து நீங்கிற்று; அவர்கள் முகத்தின் தனித்தன்மை இருளுக்குள் போயிற்று. பின்னாளில் இப்படங்களைப் பார்த்து 'உணர்ச்சியற்ற முகங்கள்' என்று எழுதுவோர், உணர்ச்சியைத் தட்டு உள்வாங்கவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தவிரவும், தட்டை ஈரம் உலருமுன் பயன்படுத்தியாக வேண்டுமாதலால், நிழற்படக்காரர் இருட்டறைக் கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் உடன் சுமந்து வரவேண்டியிருந்தது. அத்தகையவர் நகரையும் துறைமுகத்தையும் விட்டுக் குப்பங்களின் மணலுக்குள் நெடுந்தொலைவு செல்வது அரிது. துறைமுகத்தருகே வேலை செய்தவர் படத்தில் விழுந்தனர். ஒதுக்குப்புறக் குப்பத்தினர் விழவில்லை.

புதுச்சேரியில் இது தெளிவாகவே தெரிகிறது. இங்கு கப்பல்கள் கரையணைய முடியாது. 1860களில் எழுந்த இரும்புப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழியும்வரை துறைமுகத்தின் முகமாக விளங்கியது. பாலத்திற்கும் கப்பலுக்கும் இடையே ஆளையும் பொதியையும் ஏற்றிச் சென்றவை சலங்குகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழித் தலைப்போடு அச்சிடப்பட்ட அஞ்சலட்டைகளில் பாலமும் சலங்கும் அலையும் முதன்மை பெறுகின்றன. சலங்கில் துடுப்புடன் நிற்பவர்கள் காட்சியின் ஓரங்கள். மாகாண மீன்துறையில் பணியாற்றி, இந்தியப் படகமைப்புகள் குறித்து 1920இல் சிறந்த ஆய்வை வெளியிட்ட ஜேம்ஸ் ஹார்னெல் போன்றோர்க்கும் படகே பொருள். கட்டுமரத்தின் மரங்கள் எத்தனை, எவ்வாறு பிணைக்கப்பட்டன என்பதை அத்தகைய ஆய்வு நுட்பமாகச் சொல்கிறது. மரத்தின் நீளம் எவ்வளவு என்று பார்ப்பவர் உணர்வதற்கு அருகே ஒரு மனிதன் வேண்டும். அவன் அளவுகோல்.

பெயர் ஓரிடம், முகம் ஓரிடம்

இதனால் நம் மீனவர்க்குப் பெயரே பதியப்படவில்லை என முடிவு கட்டிவிடலாகாது. இங்கேதான் பிரெஞ்சிந்தியாவின் தனித்தன்மை வெளிப்படுகிறது. 1880 மார்ச்சு 12ஆம் நாளைய ஆணையால் புதுச்சேரிப் பகுதியில் நான்கு கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு வில்லியனூரும் பாகூரும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் பதியும் பதிவேடுகள் பிரெஞ்சு ஆட்சியின் உயிர்நாடி. தந்தை பெயர், தாய் பெயர், தொழில், ஊர் என நேர்த்தியான கையெழுத்தில், பிரெஞ்சு ஒலிக்கு வளைந்த தமிழ்ப் பெயர்கள் அவற்றில் நிரம்பிக் கிடக்கின்றன. அப்பதிவேடுகளின் படிகள் கடல் கடந்து சென்று, இன்று பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரொவான்சு நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

எண்ணிப் பார்க்குந்தோறும் வியப்பளிப்பது இதுவே. பெயர் பதிவேட்டில் இருக்கிறது. முகம் அஞ்சலட்டையில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ், ஒரே காலத்தில் உருவானவை. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. பதிவேட்டில் தொழில் 'மீனவர்' என்றும் பெயர் இன்னதென்றும் எழுதப்பட்ட ஒருவரே, துறைமுகத்தில் துடுப்புடன் பெயரின்றி நின்றவராகவும் இருந்திருக்கலாம். இணைக்க நமக்கு வழியில்லை.

முகத்தையும் பெயரையும் அரசே இணைத்த இடமும் ஒன்றுண்டு. அது மகிழ்ச்சி தருவதன்று. மொரீசியசுத் தீவுக்குக் கூலித்தொழிலாளராகச் சென்று ஒப்பந்தம் முடித்தவர்கள் தம் நிழற்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என 1867ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. தமிழர் பலரும் அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களே. அவர்களின் முகமும் பெயரும் எண்ணும் ஒரே தாளில் சேர்ந்தன, சீட்டில்லாதவன் சிறைப்பட்டான். அந்த ஆவணங்கள் இன்று மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தம் முன்னோரின் முகத்தைத் தேடுவோர்க்கு அவையே துணை. அடக்குமுறைக்கென எடுத்த படம் பேரப்பிள்ளைகளின் கையில் குடும்பப் படமாக மாறியதை வரலாற்றின் முரண் என்றே சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்குப் பின், நாடெங்கும் கடலோர மீனவர்க்கு முகமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. காப்பு நோக்கம் கொண்டதாயினும், அங்கும் முகத்தைக் கேட்டது அரசு.

ஆகவே பெயர் இருத்தல் மட்டும் போதாது. படத்தை வேண்டியவர் யார் என்பதே அடிப்படை.

தாமே வேண்டிய படம்

மீனவக் குடும்பம் தன் காசைக் கொடுத்துத் தனக்கென ஒரு படம் எடுத்துக்கொண்ட நாளை, இவ்வரலாற்றின் திருப்பம் எனக் கொள்ளலாம். உலர்தட்டும் பின்னர்ச் சுருளும் வந்து நிழற்படம் மலிவானபின், இருபதாம் நூற்றாண்டில் சிற்றூர்களின் கடைத்தெருக்கள் வரை நிழற்படக் கூடங்கள் பரவின. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்னும் அச்சம் ஊர்ப்புறத்தில் நெடுங்காலம் நிலவியது. அவ்வச்சத்தையும் மீறி மக்கள் கூடத்தின் படியேறியது திருமணத்தின் பொருட்டு, பெண் பூப்பெய்திய விழாவின் பொருட்டு, வெளிநாடு செல்வோரின் பொருட்டு.

இக்கூடத்துப் படங்களில் நாம் காண்பது என்ன? தீட்டிய திரை, அதில் மாளிகைத் தூண்கள் அல்லது பூங்கா. பூச்சாடி வைத்த சிறு மேசை. கூடத்துக்காரரே தரும் கைக்கடிகாரம், சில வேளை மேற்சட்டை. வலையில்லை, கூடையில்லை, துடுப்பில்லை. ஆட்சியாளரின் படங்களில் வலையின்றி மீனவனைக் காணவியலாது. தாமே வேண்டிய படங்களில் வலையோடு காண்பது அரிது. சில ஆய்வாளர் இதைப் போலித்தனம் என்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தொழிலால் மட்டுமே அறியப்பட்டவர், தொழிலை ஒரு நாழிகை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, தந்தையாக, தாயாக, பிள்ளையாக நின்ற இடம் அது. கருவியை நேரே நோக்கும் அக்கண்களில் 'நான் இன்னாரின் மகன்' என்னும் உறுதி உண்டு. நியூஹேவன் மீனவர் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து நின்றனர். நம்மவர் விறைத்து நிமிர்ந்து நிற்கின்றனர். இரண்டுமே மானத்தின் வடிவங்கள்.

இறந்தோரைப் படமெடுக்கும் வழக்கமும் நினைவுகூரத்தக்கது. வாழ்நாளில் ஒரு படமும் இல்லாத முதியவரை, மாலையணிவித்து நாற்காலியில் இருத்தி, சுற்றத்தார் சூழ நின்று எடுத்த படங்கள் தமிழகமெங்கும் உண்டு. பலர்க்கு முதற்படமும் அதுவே, இறுதிப் படமும் அதுவே. 'படமாகிவிட்டார்' என்று இறந்தோரைச் சொல்லும் வழக்கு இவ்வீடுகளில் உவமையன்று, நடந்த செய்தி. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்க்கு அதுவும் வாய்ப்பதில்லை. உடல் கரை சேராத வீட்டில், எப்போதோ எடுத்த ஒரு சிறு படமே மாலை சூட்டற்கு எஞ்சும். அதுவும் இல்லாத வீடுகளில் பெயர் மட்டும் சில காலம் நிற்கும்.

அழிவும் காப்பும்

கடற்காற்று நிழற்படத்தின் பகை. உப்பும் ஈரமும் வெள்ளிப் படலத்தை மங்கவைக்கும்; பூஞ்சணம் படரும்; செல் அட்டையை அரிக்கும். கூடங்கள் மூடப்பட்டபோது கண்ணாடித் தட்டுகளும் சுருள்களும் இடத்தை அடைக்கும் குப்பையாகக் கருதப்பட்டுக் கழிந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாளைய ஆழிப்பேரலை வீடுகளுக்குள் புகுந்தபோது உயிரும் உடைமையும் போயின. சுவரில் மாட்டியிருந்த படங்களை எவரும் கணக்கில் எடுக்கவில்லை; எடுக்கவும் இயலாது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் புதுவைக்கும் கடலூர்க்கும் இடையே கரையேறிய தானே புயல் கூரைகளைப் பிடுங்கியபோதும் அவ்வாறே. இழப்பீட்டுப் பட்டியலில் படகுக்கு ஒரு தொகை உண்டு, வலைக்கு ஒரு தொகை உண்டு. பாட்டியின் படத்திற்கு வரி இல்லை.

காப்பு முயற்சிகளும் நம் அருகிலேயே நடந்தன. 1955இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் இலட்சத்திற்கும் மேற்பட்ட நிழற்படங்களில் சேகரித்து வைத்திருப்பதை வட்டத்தினர் பலரும் அறிவர். அந்நிறுவனத்திலிருந்தே 2010களில் வேறொரு பணி எழுந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, 1880 முதல் 1980 வரையிலான ஒரு நூற்றாண்டுக் கால நிழற்படக் கூடத்துப் படங்களைத் தமிழகத்தின் ஊர்கள்தோறும் தேடிக் கணினிப் படிகளாக்கினர். கல்லைத் தேடிய கண் முகத்தைத் தேடத் திரும்ப ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது. எவ்வளவு திறமான படியெடுப்பும், அட்டையின் பின்புறத்தில் இல்லாத பெயரை உண்டாக்கித் தர முடியாது. அதை வீட்டார் மட்டுமே தர முடியும்.

நெய்தற் கவிதையும் நாமும்

தொடக்கத்தில் ஒத்திவைத்த வினாவிற்கு வருகிறேன். அகத்திணை மரபில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறி. நெய்தற் பாடல்களில் வரும் பரதவர் மகளுக்குப் பெயரில்லை. அப்பெயரின்மை ஒரு மதிப்பு. அவள் எவளாகவும் இருக்கலாம் என்பதால் கேட்போர் எவர்க்கும் உரியவளாகிறாள். அவளுக்குப் பேச்சு உண்டு, ஊடல் உண்டு, இரங்கல் உண்டு. பெயரை நீக்கிய புலவர் அவளுக்குக் குரலைக் கொடுத்தார். அஞ்சலட்டையின் பெயரின்மை வேறு. அங்குப் பெயரும் இல்லை, குரலும் இல்லை. தொழிற்பெயர் மட்டுமே உண்டு.

நாம் எழுதும் கவிதைகள் இவ்விரண்டனுள் எதன் பக்கம் நிற்கின்றன என்பதை வட்டத்துக் கவிஞர்கள் முன் பணிவோடு வைக்கிறேன். 'மீனவன்' என்றும் 'மீன்காரி' என்றும் நாம் எழுதுகிறோம். வறுமைக்கும் துணிவுக்கும் அவர்களைக் குறியீடாக்குகிறோம். நம் வாசலில் கூடையை இறக்கிய அம்மையாரின் பெயரை நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் நெடுங்காலம் கேட்டதில்லை. நல்லெண்ணத்தோடு எழுதும் கவிதையும் அஞ்சலட்டையாகிவிடக் கூடும்.

பாரதி 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். அவருடைய அசல் நிழற்படங்கள் ஐந்தே என்பர். செல்லம்மாளுடன் இங்கு எடுத்த படம் அவற்றுள் ஒன்று. அவ்வொவ்வொரு படத்தையும் எப்போது, எங்கே எடுத்தது, உடன் நிற்பவர் யாவர் என்று ஆராய்ந்து நிறுவினோம். அது நம் கடமை. அதே பத்தாண்டில் அதே கடற்கரையில் பிடிபட்ட முகங்களுக்கு அந்த உழைப்பில் நூற்றில் ஒரு பங்கும் நாம் செலவிடவில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் வட்டத்தினர் வில்லியனூரிலும் பாகூரிலும் ஊர்தோறும் உறவுடையவர்கள், ஆசிரியர்கள் பலர். மாணவர் வீடுகளிலுள்ள பழம்படங்களைக் கேட்டு வாங்க வேண்டா. அவை அவ்வீடுகளுக்கே உரியன. வீட்டின் மூத்தவரை அருகிருத்தி, படத்திலுள்ளவர் பெயர், ஊர், எடுத்த காரணம் ஆகியவற்றைக் கேட்டு, பின்புறத்தின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதச் சொன்னால் போதும். மை கசியும், முனையால் அழுத்தினால் முன்புறம் வடுப்படும். பெண்களின் பெயரை முதலில் கேட்க வேண்டும். ஆண்களின் பெயர் பேரனுக்கு வைத்த பெயராகவேனும் தங்கிவிடுகிறது. பெண்களின் பெயர் 'ஆயா' என்னும் முறைப்பெயருக்குள் விரைந்து மறைகிறது.

அம்மாணவி சில மாதங்கள் கழித்து மீண்டும் வந்தாள். அடுத்த குப்பத்தில் மணமுடித்துக் கொடுத்திருந்த முதிய அத்தை ஒருவர்க்கு மட்டும் அந்தப் பெண்ணின் பெயர் நினைவிருந்ததாம். கண்பார்வை மங்கிய அவர், படத்தைக் காணாமலே, நிற்கும் விதத்தைக் கேட்டே சொல்லிவிட்டாராம். அட்டையைத் திருப்பிக் காட்டினாள். பென்சிலால் மூன்று பெயர்கள் எழுதியிருந்தன. அவற்றை இங்கே எழுதவில்லை. அவை அக்குடும்பத்திற்கு உரியவை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன.